முகவரி வழங்கியை மாற்றுவது எளிதா? – ஒரு திறனாய்வு

“இரண்டும் ஒரே விதிமுறைப்படி இயங்குபவை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் போதும்.” வலையமைப்புத் தொழிலில் இருப்போர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு மின்சுற்றை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள 100 ஓம் மின்தடையை எடுத்துவிட்டு, வேறொரு நிறுவனம் செய்த 100 ஓம் மின்தடையை வைக்கிறீர்கள். சுற்று முன்போலவே இயங்கும். நேற்று என்ன நடந்தது என்பது மின்தடைக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால், மின்னேற்றம் பெற்ற ஒரு மின்தேக்கியை எடுத்துவிட்டு அதே மதிப்புள்ள புதிய மின்தேக்கியை வைத்தால்? மேலே அச்சிட்டிருக்கும் எண் ஒன்றேதான். ஆயினும் பழையதில் தேங்கியிருந்த மின்னூட்டம் புதியதில் இல்லை. சிறிது நேரமேனும் சுற்று வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஒரு வலையமைப்பில் கணிப்பொறிகளுக்கு முகவரி வழங்கும் பொறி மின்தடையைப் போன்றதா, மின்தேக்கியைப் போன்றதா என்பதே நாம் இங்கு ஆராயப்போகும் கேள்வி.

இக்கேள்வி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்ட்டியம் என்ற அமைப்பின் முகவரி வழங்கி மென்பொருள், யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் பல்லாண்டுகளாக உலகெங்கும் இயங்கி வந்தது. அதைப் பராமரிப்பதை நிறுத்திக்கொள்வதாக அவ்வமைப்பு 2022 அக்டோபரில் அறிவித்தது. அதற்கு மாற்றாக அது காட்டும் மென்பொருளின் பெயர் கீயா. நியூசிலாந்தின் மலைகளில் வாழும் ஒரு கிளியின் பெயர் அது. பைண்ட் 10 என்ற பெரிய திட்டத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கி, அத்திட்டம் 2014 இல் கைவிடப்பட்ட பின்னும் தப்பிப் பிழைத்து, 2015 டிசம்பரில் 1.0 என்ற பதிப்பாக வெளிவந்தது. ஆகக் கல்லூரிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் எனப் பல இடங்களில் இந்த இடமாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. சில இடங்களில் இனிமேல்தான் நடக்கவேண்டும். கீயாவையும், அதற்கு அடிப்படையான விதிமுறையையும் சேர்த்தே எடைபோட்டுப் பார்ப்போம்.

முகவரி எப்படிக் கிடைக்கிறது?

வலையமைப்பில் புதிதாக இணைந்த கணிப்பொறிக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவன் யாருக்கு, எப்படிக் கடிதம் எழுதுவான்? ஆகவே அது அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் இட்டு, ‘இங்கே முகவரி தருவோர் யாரேனும் உண்டா?’ என்று பொதுவில் கூவுகிறது. இதற்கு ‘டிஸ்கவர்’ என்று பெயர். ‘இந்த முகவரியை வைத்துக்கொள்கிறாயா?’ என்று வழங்கி காட்டுவது ‘ஆஃபர்’. ‘சரி, அதையே தா’ என்று கணிப்பொறி கேட்பது ‘ரிக்வெஸ்ட்’. ‘தந்தேன், இன்ன காலம் வரை’ என்று வழங்கி முடிப்பது ‘அக்’. நான்கே சொற்களில் பேரம் முடிந்துவிடுகிறது.

‘இன்ன காலம் வரை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். முகவரி தானமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான் கிடைக்கிறது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணிப்பொறி, தனக்கு முகவரி தந்த அதே வழங்கியிடம் நேரே சென்று நீட்டிப்பு கேட்க வேண்டும். அங்கே பதில் இல்லையானால், காலத்தில் எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் எல்லோரும் கேட்கும்படி மீண்டும் கூவ வேண்டும். எட்டு நாள் குத்தகை என்றால் நான்காம் நாள் முதல் விண்ணப்பம். ஏழாம் நாள் பொது அறிவிப்பு. எட்டாம் நாள் முடிவில் முகவரியைக் கைவிட்டே ஆகவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெயர் டி.எச்.சி.பி. இது 1993 அக்டோபரில் முதலில் வெளியாயிற்று. ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1997 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2131 என்ற ஆவணமே இன்றும் அடிப்படை நூல். அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு: 1985 இல் வந்த ‘பூட்பி’. இன்று உங்கள் கைத்தொலைபேசி அனுப்பும் முகவரி விண்ணப்பத்தின் முதல் 236 பைட்டுகள் 1985 இல் வகுத்த அதே அச்சில் வார்க்கப்பட்டவை. அவற்றில் 128 பைட்டுகள் ஒரு கோப்பின் பெயருக்கென்று ஒதுக்கப்பட்டவை. வட்டு இல்லாத கணிப்பொறிகள் தம் தொடக்க நிரலை வலைவழியே பெற்ற காலத்தின் எச்சம் அது. இன்று பெரும்பாலும் அந்த இடம் வெறும் சுழியங்களால் நிரம்பிப் பயணம் செய்கிறது!

பதிவேடு எங்கே?

இப்போது வழங்கியை மாற்றுவோம். ஒரு மாணவர் விடுதியில் காப்பாளர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் நேர்மையானவர், விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் எந்த அறையில் எந்த மாணவன் இருக்கிறான் என்ற பதிவேட்டைப் பழையவர் தன் கையெழுத்தில், தன் முறையில் எழுதிவைத்திருந்தார். புதியவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே எல்லா அறைகளும் காலி என்று எண்ணிக்கொண்டு புதிய மாணவர்களுக்கு அறை ஒதுக்கத் தொடங்குகிறார்.

நடப்பது இதுவேதான். பழைய வழங்கி தன் குத்தகைகளை ஒரு உரைக்கோப்பில், தனக்கே உரிய நடையில் எழுதுகிறது. கீயாவோ காற்புள்ளிகளால் பிரித்த வரிசைகளாக எழுதுகிறது, அல்லது மைஎஸ்.கியூ.எல்., போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. கம்பியின் மீது செல்லும் செய்தியின் ஒவ்வொரு பைட்டையும் வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 2131, குத்தகைப் பதிவேட்டை எந்த வடிவில் வைக்கவேண்டும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் பார்வையில் அந்த ஆவணத்தின் முதற்பெரும் குறை இதுதான். குத்தகை என்ற கருத்தையே புகுத்திய ஒரு நெறிமுறை, குத்தகைக் கணக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றவேண்டிய நாள் வரும் என்று எண்ணாமல் விட்டது.

வெற்றுப் பதிவேட்டுடன் புதிய வழங்கி திங்கட்கிழமை காலையில் எழுகிறது என்க. அச்சுப்பொறி ஒன்று 192.168.1.20 என்ற முகவரியை வெள்ளிக்கிழமை வரை குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதற்கு எதுவும் தெரியாது. கேட்கவேண்டிய நேரமும் வரவில்லை. அன்று ஒரு புதிய மடிக்கணிப்பொறி வருகிறது. கீயாவின் இயல்பான வழக்கம், கீழிருந்து வரிசையாக முகவரி தருவது. பழைய வழங்கியோ தான் எந்த வரிசையில் தருவேன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது எனத் தன் கையேட்டிலேயே ஒப்புக்கொள்வது. ஆகவே பழையவர் அமர்த்திய குடித்தனக்காரர்கள் வரம்பு முழுவதும் சிதறிக் கிடக்க, புதியவர் முதல் அறையிலிருந்து வரிசையாகக் கதவைத் திறந்துகொண்டே போகிறார். சீக்கிரமே 20 ஆம் எண்ணை எட்டிவிடுவார்.

ஒரே முகவரிக்கு இருவர் என்றால் என்ன ஆகும்? அந்த முகவரி யாருடையது என்று கேட்கும்போது இருவரும் ‘என்னுடையது’ என்பார்கள். கடைசியாகச் சொன்னவருக்குச் செய்தி போகும். அடுத்த சில நிமிடங்களில் மற்றவருக்குப் போகும். பயன்படுத்துபவருக்குத் தெரிவதெல்லாம் ‘வருகிறது, போகிறது’ என்பதே. இத்தகைய கோளாறுதான் மிகவும் தொல்லை தருவது. முற்றாக நின்றுபோன பொறியைப் பழுதுபார்ப்பது எளிது. விட்டுவிட்டு இயங்கும் பொறியைக் கண்டு எந்த மின்னணுவியல் மாணவனும் அஞ்சுவான்.

இதைத் தடுக்கப் பழைய வழங்கியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. முகவரியைத் தருமுன், ‘அங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று அந்த முகவரிக்கே ஒரு ‘பிங்’ அனுப்பி ஒரு விநாடி காத்திருக்கும். பதில் வந்தால் அந்த முகவரியைத் தராது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அறை ஒதுக்குவது போல. 2015 இல் வந்த கீயாவில் இந்தப் பழக்கம் இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் தனியே இணைத்துக்கொள்ளும் நூலகமாக வந்து சேர்ந்தது. பிங் சோதனை முழுப் பாதுகாப்பு அன்று என்று கீயாவுக்காக வாதாடுவோர் உண்டு. உண்மைதான். இன்று பல கணிப்பொறிகள் தம் தடுப்புச்சுவரால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடுகின்றன. ஆனால் பழைய அச்சுப்பொறிகளும் ஆய்வகக் கருவிகளும் ஒழுங்காகப் பதில் சொல்லுபவை. மோதலில் அதிகம் சிக்குபவையும் அவையே. பூட்டு பலவீனமானது என்பதற்காகக் கதவையே கழற்றிவிடலாமா?

முகவரி பெற்ற கணிப்பொறி தானும் ஒருமுறை சரிபார்த்து, வேறொருவர் இருந்தால் ‘வேண்டாம்’ என்று மறுத்துவிடலாம். விதிமுறை இதைப் பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பரிந்துரை என்று எழுதப்பட்டதைச் செய்யாமல் விட்டவர்கள் உலகில் எத்தனையோ பேர்.

பதிவேட்டை மாற்ற வழியில்லாதவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. குத்தகைக் காலம் எட்டு நாள் என்றால், மாற்றும் நாளுக்கு எட்டு நாள் முன்பே பழைய வழங்கியில் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட வேண்டும். ஏன் எட்டு நாள்? இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறி எதுவும் நான்கு நாளுக்குள் நீட்டிப்புக் கேட்டு வந்துவிடும். வந்தவுடன் புதிய ஒரு மணிக் குத்தகையைப் பெறும். ஆனால் குத்தகை பெற்ற கையோடு மூடி வைக்கப்பட்ட மடிக்கணிப்பொறி வராது. எட்டாம் நாள் முடிந்தால்தான் அதன் உரிமை தீரும். அதன்பின் மாற்றினால், குழப்பம் எதுவாயினும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மின்தேக்கியைக் கழற்றுமுன் அதன் மின்னூட்டத்தை வடியவிடுவது போன்றது இது. ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் பழக்கம்.

நீ யார்?

பதிவேடு சரியாக வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் ஆளை அடையாளம் காண்பது. ஒவ்வொரு வலையட்டைக்கும் வன்பொருள் எண் ஒன்று உண்டு. அதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் கணிப்பொறி விரும்பினால் ‘ஆப்ஷன் 61’ என்ற இடத்தில் தனக்கென ஓர் அடையாளத்தை எழுதி அனுப்பலாம். அப்படி அனுப்பினால் வழங்கி அதையே நம்பவேண்டும். அனுப்பாவிட்டால் வன்பொருள் எண்ணைப் பார்க்கவேண்டும். 2006 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 4361 இந்த அடையாளத்தை வலையட்டையிலிருந்து பிரித்து, கணிப்பொறி முழுமைக்கும் பொதுவானதாக ஆக்கியது.

நோக்கம் நல்லது. விளைவைப் பாருங்கள். வலைவழியே தொடங்கும் கணிப்பொறியில், முதலில் எழும் தொடக்க நிரல் ஓர் அடையாளத்தைக் கூறும். பின்னர் எழும் இயக்கமுறைமை வேறோர் அடையாளத்தைக் கூறும். ஒரே பொறிக்கு இரண்டு முகவரிகள் செலவாகும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. லினக்ஸ் வகைகள் சில, இயக்கமுறைமையை நிறுவும்போது உண்டான ஓர் எண்ணிலிருந்து இந்த அடையாளத்தைச் செய்துகொள்கின்றன. ஒரு மெய்நிகர் கணிப்பொறியை நிறுவி அதை முப்பது பிரதிகள் எடுத்தால், முப்பதும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே முகவரிக்கு வந்து நிற்கும். உபுண்டு 18.04 வந்த காலத்தில் கணிப்பொறி ஆய்வகங்களை நடத்தியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அடையாளத்தைப் புறக்கணித்து வன்பொருள் எண்ணை மட்டும் பார் என்ற கட்டளை பழையதிலும் உண்டு, கீயாவிலும் உண்டு, பெயர்தான் வேறு. மாற்றுபவர் அதை நினைவாக எடுத்துச் செல்லவேண்டும்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது. கணிப்பொறி அனுப்பிய அடையாளத்தை வழங்கி தன் பதிலில் திருப்பி எழுதலாமா? 1997 ஆம் ஆண்டு ஆவணம், கூடவே கூடாது என்கிறது. 2013 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 6842, கட்டாயம் எழுத வேண்டும் என்கிறது! ஒரே கேள்விக்கு, பதினாறு ஆண்டு இடைவெளியில், முழுத் தடையும் முழுக் கட்டாயமும். புதிய விதிக்குக் காரணம் இருக்கிறது. வன்பொருள் எண் இல்லாத சில வலையமைப்புகளில், வரும் பதில் யாருக்கு உரியது என்று தெரியாமல் கணிப்பொறிகள் குழம்பின. ஆனால் பழைய விதியை நம்பிச் செய்யப்பட்ட கருவிகள் 2013 இல் உலகிலிருந்து மறைந்துவிடவில்லையே! பழைய வழங்கி, விரும்புவோர் இயக்கிக்கொள்ளும் வசதியாகப் புதிய விதியை வைத்தது. கீயா அதையே தன் இயல்பாக்கிக்கொண்டது. பழைய கருவிகள் சில இத்தகைய பதிலை ஏற்க மறுக்கக்கூடும் என்று கீயாவின் கையேடே எச்சரித்து, அதை அணைக்கும் வழியையும் சொல்கிறது.

எங்கள் துறையில் பழைய அச்சுப்பொறியை வலையில் இணைக்கும் சிறு பெட்டி ஒன்று இருந்தது. வழங்கி மாறிய அன்று அது டிஸ்கவர் அனுப்பியது, ஆஃபர் வந்தது, மீண்டும் டிஸ்கவர் அனுப்பியது, மீண்டும் ஆஃபர் வந்தது. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாளே இருந்தது. வினாத்தாள்கள் அச்சாக வேண்டும். வழங்கியின் குறிப்பேட்டில் ‘முகவரி அளித்தேன்’ என்ற வரி நூற்றுக்கணக்கில். பெட்டியிலோ ‘வலையமைப்பு இல்லை’ என்ற சிவப்பு விளக்கு. இரு தரப்பும் மெய்யே சொல்லின. கம்பியில் சென்ற பொட்டலங்களைப் பிடித்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான் ஆப்ஷன் 61 கண்ணில் பட்டது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் விளக்கு பச்சையாயிற்று. அந்தப் பெட்டி விதியை மீறவில்லை. அது பிறந்தபோது இருந்த விதியை இன்றளவும் காப்பாற்றி வருகிறது, அவ்வளவே.

ஒரே எண், இரு மொழி

ஆப்ஷன் 43 பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். அந்த இடத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டியதை வேண்டிய முறையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கம்பியில்லா வலைக்கான கூரைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை தம்மை ஆளும் கட்டுப்பாட்டுப் பொறி எங்கே இருக்கிறது என்பதை இதன் வழியே அறிகின்றன. கட்டுப்பாட்டுப் பொறியின் முகவரி 10.1.1.5 என்க. சிஸ்கோ பெட்டிக்கு 241, 4, 10, 1, 1, 5 என்று ஆறு பைட்டுகள் போகவேண்டும். 241 என்பது வகை, 4 என்பது நீளம், மற்றவை முகவரி. அரூபா பெட்டிக்கோ ‘10.1.1.5’ என்று நாம் காகிதத்தில் எழுதுவது போலவே எட்டு எழுத்துகள் போகவேண்டும். இடம் ஒன்று, பொருள் ஒன்று, எழுத்துமுறை இரண்டு.

பழைய வழங்கியில் இதைப் பதினாறடிமான எண்களாக எழுதி வைத்துவிட்டு யாரோ ஒருவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதியதில் அதை வேறு முறையில் வரையறுக்க வேண்டும். ஒரு பைட் பிசகினாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. வழங்கி தரவேண்டியதைத் தந்துவிடும். பெட்டி அதைப் புரிந்துகொள்ளாமல் சும்மா இருக்கும். அதுவும் உடனே தெரியாது. முன்பே கட்டுப்பாட்டுப் பொறியைக் கண்டுபிடித்துவிட்ட பெட்டிகள் இயங்கிக்கொண்டிருக்கும். அடுத்த மின்தடைக்குப் பிறகுதான் குட்டு வெளிப்படும்.

பொறுமையின் விலை

இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் போஸ்டல், 1980 இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். அனுப்பும்போது கறாராக இரு. பெறும்போது தாராளமாக இரு என்பது அதன் கருத்து. இணையம் வளர்ந்ததற்கு இக்கொள்கையும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தாராளமான வழங்கி ஒன்று இருபது ஆண்டு பிழைகளைப் பொறுத்துக்கொண்டால், அந்தப் பிழைகள் உரிமைகளாகிவிடுகின்றன. அடுத்து வருபவர் விதிப்படி நடந்தாலும் கொடியவர் என்று பெயர் வாங்குகிறார்.

பழைய வழங்கியே இளமையில் இந்த வேதனையை அனுபவித்ததுதான். அக்கால லினக்ஸ் கணிப்பொறிகள் சில, 255.255.255.255 என்று அனுப்பச் சொன்னதை, அந்த வலையமைப்புக்கு மட்டும் உரிய பொது முகவரியாகத் தாமே மாற்றிவிடும். விண்டோஸ் 95 அப்படி வந்த பதிலைக் கண்டுகொள்ளாது. தீர்வு என்ன? லினக்ஸில் தனிப் பாதை ஒன்றைக் கையால் சேர்க்கவேண்டும் என்று வழங்கியின் அறிமுகக் குறிப்பில் எழுதி வைத்தார்கள். 2007 இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மற்றொன்று. ‘பதிலை எனக்கு மட்டும் அனுப்பாமல் பொதுவில் அறிவி’ என்று கேட்கும் ஒரே ஒரு பிட்டை விஸ்டா இயல்பாகவே ஒன்று என வைத்தது; எக்ஸ்.பி. அப்படிச் செய்யவில்லை. விதிமுறை அனுமதிக்கும் பிட்தான். ஆயினும் சில வீட்டு ரூட்டர்களும் வேறு நிறுவனங்களின் வழங்கிகளும் அதற்குச் சரியாக விடையளிக்கவில்லை. நேற்றுவரை முகவரி பெற்றுவந்த வீட்டில், புதுக் கணிப்பொறிக்கு முகவரி கிடைக்கவில்லை. அந்தப் பிட்டை அணைக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் தனிக் குறிப்பாக வெளியிட்டது.

வழங்கி மாறினாலும் சரி, வாங்குபவர் மாறினாலும் சரி, வெளிப்படுவது ஒன்றே. ஒரு விதிமுறைக்கு இருவரும் உடன்பட்டவர்கள் என்பதால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகியவர்கள் என்று ஆகிவிடாது.

மற்றவை சில

பெயர்ப் பதிவிலும் இதே கதை. கணிப்பொறிக்கு முகவரி கொடுத்ததும் அதன் பெயரையும் பெயரேட்டில் சேர்ப்பது வழங்கியின் உபதொழில். வேறொருவர் பெயரைத் தவறியும் அழித்துவிடாமல் இருக்க, ‘இது நான் எழுதியது’ என்று ஒரு முத்திரையும் இடும். பழைய வழங்கி பல்லாண்டுகள் இட்ட முத்திரை ஒருவகை. 2006 அக்டோபரில் தரப்படுத்தப்பட்ட முத்திரை வேறுவகை. கீயா இடுவது அதையே. பழைய முத்திரையைக் கண்ட கீயா, ‘இது என்னுடையது அன்று’ என்று நாணயமாக ஒதுங்கிக்கொள்கிறது. கணிப்பொறிக்குப் புதிய முகவரி. பெயரேட்டிலோ பழைய முகவரி. மோதல் சோதனையைத் தளர்த்தும் அமைப்பு கீயாவில் உண்டு. அதைத் தளர்த்தினால் பாதுகாப்பும் தளரும்.

இரட்டை வழங்கிகளாக வைத்திருப்போர், முதலில் ஒன்றை மாற்றி, சில வாரம் பார்த்துவிட்டு மற்றதை மாற்றலாம் என்று எண்ணுவார்கள். முடியாது. பழையவை இரண்டும் தமக்குள் பேசிய முறை, தரமாக ஒருபோதும் நிறைவேறாத ஒரு வரைவு. கீயா இரண்டும் பேசிக்கொள்வது முற்றிலும் வேறு முறையில். பழையதும் புதியதும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகளாக இழுக்க மாட்டா.

அமைப்புக் கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதன் கோப்பு கிட்டத்தட்ட ஒரு நிரல்மொழி. ‘இப்படியானால் அப்படிச் செய்’ என்று எழுதலாம், எழுத்துகளை வெட்டி ஒட்டலாம், வெளி நிரலை அழைக்கலாம். கீயாவின் கோப்பு ஜேசன் வடிவில் உள்ள வெறும் தரவு. வகைபிரிக்கும் சிறு நிபந்தனைகள் உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் தனி நூலகம் சேர்க்க வேண்டும். இந்த முடிவை நான் குறை கூறமாட்டேன். பத்தாண்டுக் காலம் பலர் கைபட்ட நிபந்தனைக் காடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே தோற்றமுள்ள சொற்கள் பொருள் மாறுவது ஆபத்து. பழையதில் ஒரு கணிப்பொறியைப் பற்றிய பதிவை எங்கே எழுதினாலும் அது எங்கும் செல்லும். நூலகத்தில் அறிமுகமான மடிக்கணிப்பொறி ஆய்வகத்திலும் ‘தெரிந்த முகம்’. கீயாவில் பதிவு தான் எழுதப்பட்ட கிளைவலைக்கு மட்டுமே உரியது. எங்கும் செல்லும் பதிவு வேண்டுமானால் அதைத் தனியே கேட்டு இயக்க வேண்டும். தொடக்கப் பதிப்புகளில் அதுவும் இல்லை. கோப்பை வரிக்கு வரி சரியாகப் பெயர்த்த பின்னும், ஆய்வகத்துக்குள் நுழையும் பேராசிரியரின் கணிப்பொறி அந்நியமாக நிற்கும்.

கீயாவின் நிறைகளை மறைப்பது திறனாய்வாகாது. பழையதில் ஒரு சொல்லை மாற்றினாலும் வழங்கியை நிறுத்தித் தொடங்க வேண்டும். கீயாவை ஓடும்போதே மாற்றலாம். குத்தகைகளைத் தரவுத்தளத்தில் வைத்துக் கேள்வி கேட்கலாம். கையேடு தெளிவானது, மேலே சொன்ன பொருந்தாமைகளில் பலவற்றை அதுவே ஒளிக்காமல் சொல்கிறது. சில இணைப்பு நூலகங்களைப் பல ஆண்டுகள் காசுக்கு விற்றார்கள். சிறிய கல்லூரிகளுக்கு அது எட்டாக்கனி. 2025 இல் வந்த 3.0 பதிப்பில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிட்டது பாராட்டுக்குரியது.

என் குறை வேறிடத்தில். இடமாற்றத்துக்கு உதவவென்றே கீயாமா என்ற கருவியை அவர்களே தருகிறார்கள். பழைய அமைப்புக் கோப்பை அதனிடம் கொடுத்தால் கீயாவின் மொழிக்கு மாற்றித் தரும். மாற்ற இயலாதவற்றை அங்கங்கே குறிப்பாக எழுதி வைக்கும். நன்றாகவே செய்கிறது. ஆனால் குத்தகைப் பதிவேட்டை அது தொடுவதில்லை. அதை மாற்றவேண்டியவர்கள் தாமே ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்ள வேண்டும். அல்லது பிறர் எழுதியதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய மென்பொருளையும் புதிய மென்பொருளையும் செய்தவர் ஒரே அமைப்பினர். இரண்டு பதிவேடுகளின் இலக்கணமும் அவர்களுக்குத்தான் யாரையும்விட நன்றாகத் தெரியும். முழுவதும் மாற்றித் தராவிட்டாலும் போகட்டும். ‘இன்னும் 412 குத்தகைகள் உயிரோடு இருக்கின்றன, கடைசியானது வரும் வியாழன் மாலை 4 மணிக்கு முடிகிறது’ என்பதுபோல ஒரு வரியையாவது அக்கருவி அச்சிட்டிருக்கலாம். அந்தக் கோப்பு அதே கணிப்பொறியில்தானே இருக்கிறது.